கட்டைப் பிரிக்காமல் கொடுங்கள்

பொதுவாழ்க்கையில் இருந்த ஒருவர் காலமானால், பதினாறாம் நாள் காரியம் முடிந்த கையோடு வீட்டில் முதலில் காலியாவது அவருடைய மேசையும் பரணும்தான். பிள்ளைகள், மருமக்கள் எல்லாரும் கூடத்தில் உட்கார்ந்து பிரிப்பார்கள். காமராஜருக்குப் பக்கத்தில் நிற்கும் படம், அண்ணாவின் கையெழுத்துள்ள கடிதம், தியாகிகளுக்கு அரசு கொடுத்த தாமிரப் பட்டயம், பொன்னாடை போர்த்திய படங்கள் எல்லாம் ஒரு பக்கம் சேரும். தபால் கார்டுகள், சந்தா ரசீதின் அடிக்கட்டைகள், மாநாட்டு வரவுசெலவு நோட்டு, ஊர்பேர் தெரியாதவர்கள் எழுதிய மனுக்கள், சைக்ளோஸ்டைல் சுற்றறிக்கைகள் இன்னொரு பக்கம் சேரும். முதல் குவியல் பீரோவுக்குப் போகும். இரண்டாவது குவியல் எடைக்குப் போகும். அது எடைக்குப் போவதற்குள் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர்வதுதான் என் தொழில்.

ஆவணக் காப்பாளர் என்றால் எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் அரசாணைகளுக்கு நடுவே உட்கார்ந்திருப்பவர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அது பெரிய வேலை. அதிலேயே வாழ்நாளைக் கழித்த நண்பர்கள் எனக்கு உண்டு. என்னுடையது வேறு பிரிவு. தனியொருவர் தம் ஆயுளில் சேர்த்து வைத்த தாள்களைக் கேட்டு வாங்கி, பூச்சி நீக்கி, வரிசை கெடாமல் பெட்டியிலிட்டு, எதில் என்ன இருக்கிறது என்று பட்டியல் எழுதி, படிக்க வருகிறவர்கள் கையில் கொடுக்க வேண்டும். எங்களுக்குள் ‘பிரைவேட் பேப்பர்ஸ்’ என்றுதான் பேச்சு. அரசுக் கோப்பைத் திறந்தால் ஆணை எந்தத் தேதியில் பிறந்தது என்று தெரியும். அந்த ஆணைக்காக எத்தனை பேர் மனு எழுதினார்கள், யார் வீட்டுத் திண்ணையில் கூட்டம் நடந்தது, ஜாமீனுக்கு யார் நகை அடகுக்குப் போனது என்பதெல்லாம் தனியார் தாளில்தான் கிடைக்கும்.

இத்தனை ஆண்டு இந்தத் தொழிலில் இருந்த பிறகு எனக்கு ஒன்று உறுதியாகத் தெரியும். ஒரு தலைவரின் தாள்களில் விலைமதிப்பில்லாதது அவர் எழுதியது அல்ல, அவருக்கு வந்தது. அவர் எழுதியதும் பேசியதும் எப்படியாவது எங்காவது அச்சேறியிருக்கும். அவருக்கு வந்த கடிதம் உலகத்திலேயே ஒரு பிரதிதான். எழுதியவர் நகல் வைத்துக்கொள்ளும் வசதி உள்ளவராக இருந்திருக்க மாட்டார்.

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1927-ல் சென்னை சட்டசபைக்கு வந்தார். அதன் துணைத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். தேவதாசி முறைக்கு எதிராக அவர் தொடங்கிய போராட்டம் முழுமையான சட்டமாக 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. சபையில் அவர் பேசியது நடவடிக்கைக் குறிப்புகளில் இருக்கிறது. யாரும் படிக்கலாம். ஆனால் அன்று சபைக்கு வெளியே எத்தனை குரல்கள்! தேவதாசிகளிலேயே ஒரு சாரார் சங்கம் கூட்டி அவரை எதிர்த்தார்கள். இன்னொரு சாரார் அவர் பின்னால் நின்றார்கள். அந்தக் காலத்தின் சூட்டை உணர அச்சான பேச்சு போதாது, அவருடைய சொந்தத் தாள்களைப் பார்க்க வேண்டும். அவை டெல்லியில், தீன்மூர்த்தி வளாகத்தில் உள்ள நூலகத்தில் இருக்கின்றன. நேரு நினைவு அருங்காட்சியகமும் நூலகமும் என்று நாங்கள் பழகிய பெயர் 2023-ல் பிரதமர்கள் அருங்காட்சியகம் மற்றும் நூலகம் என்று மாறியது. ராஜாஜியின் தாள்கள் அங்கேதான். சத்தியமூர்த்தியின் தாள்கள், டி.டி. கிருஷ்ணமாச்சாரியின் தாள்கள் எல்லாம் அங்கேதான். தமிழ்நாட்டின் பொதுவாழ்வைப் பற்றி ஆராய்கிற சேலத்து மாணவியோ நெல்லை மாணவனோ ரயிலேறி டெல்லிக்குப் போய் அறை எடுத்துத் தங்கித்தான் இவற்றைப் படிக்க வேண்டும். அந்த நூலகத்தின் மேல் எனக்கு வருத்தம் கிடையாது, நன்றிதான் உண்டு. 1960-களிலிருந்து வீடு வீடாகக் கேட்டுச் சேர்க்க அவர்கள் முனைந்திராவிட்டால் இவற்றில் பாதிகூட மிஞ்சியிருக்காது. தனிநபர் தாள்களைத் தேடிச் சேர்ப்பதையே முழுநேரப் பணியாகக் கொண்ட ஒரு பெரிய காப்பகத்தை நாம் இங்கே கட்டாமல் விட்டோமே என்பதுதான் என் வருத்தம்.

காந்தியின் எழுத்துகள் 100 தொகுதிகளாக வந்திருக்கின்றன. புதுக்கோட்டையில் பிறந்து சென்னையில் ஆங்கிலப் பேராசிரியராக இருந்த கே. சுவாமிநாதன் 1960-லிருந்து கால் நூற்றாண்டு காலம் அதன் தலைமைப் பதிப்பாசிரியர். அந்தத் தொகுதிகளில் உள்ள கடிதங்களில் பெரும்பகுதி எப்படிக் கிடைத்தது? பெற்றவர்கள் தூக்கி எறியாமல் வைத்திருந்தார்கள், கேட்டபோது கொடுத்தார்கள். ஆனால் அந்த 100 தொகுதிகளிலும் நாம் கேட்பது ஒரு பக்கக் குரல்தான். காந்திக்கு எழுதியவர்களின் குரல் சபர்மதி ஆசிரமம் போன்ற இடங்களில் தாள்களாகவே இருக்கிறது. இரண்டு பக்கமும் கிடைத்தால் என்ன ஆகும் என்பதற்கு வ.உ.சி. சான்று. தென்னாப்பிரிக்கத் தமிழர்கள் அவருக்கென்று திரட்டி காந்தியிடம் கொடுத்த பணம், சிறையிலிருந்து மீண்டு வறுமையில் வாடிய அவர் கைக்கு வந்து சேர்ந்த கதையை இருவருக்கும் 1915-16-ல் நடந்த கடிதப் போக்குவரத்திலிருந்து ஆ. இரா. வேங்கடாசலபதி எழுதினார். 347 ரூபாய் 12 அணா. அந்த அணாக் கணக்குவரை நமக்குத் தெரிவது கடிதங்கள் பிழைத்ததால்.

இனி வேலைக்கு வருகிறேன்.

வியாசர்பாடியில் ஒரு வீடு. மில் தொழிற்சங்கம் ஒன்றில் பல காலம் செயலாளராக இருந்தவருடையது. அவருடைய மனைவி கணவரைப் பெயர் சொல்லியும் சொல்ல மாட்டார், ‘அவர்’ என்றும் சொல்ல மாட்டார். எப்போதும் ‘தோழர்’தான். பேரன் பரணிலிருந்து இறக்கிய டிரங்குப் பெட்டியை என் பக்கம் நகர்த்திவிட்டு, “இதுல இன்னா இருக்குதுன்னு இவ்ளோ தூரம் வந்தே பாப்பா? எல்லாம் ரசீதுக் கட்டை” என்றார்.

“அந்த ரசீதுக் கட்டைதாம்மா வேணும்.”

“பிரிச்சிப் பாக்கறியா?”

“இப்ப வேணாம்மா. எப்படி இருக்குதோ அப்படியே குடுங்க.”

“அதுவும் செரி. தோழர் கட்டி வெச்சத யாராவது பிரிச்சாக்கா தோழருக்குப் புடிக்காது.”

எங்கள் தொழிலின் முதல் பாடத்தை அவர் தம் வாயால் சொல்லிவிட்டார். ஒருவருடைய தாளை இன்னொருவருடையதோடு கலக்கக் கூடாது. அவர் எந்த வரிசையில் வைத்திருந்தாரோ அந்த வரிசையைக் குலைக்கக் கூடாது. உலகம் முழுக்கக் காப்பாளர்கள் இந்த இரண்டு விதியில்தான் நிற்கிறோம். நல்லெண்ணம் கொண்ட பிள்ளைகள் நான் வருவதற்கு முன்பே எல்லாவற்றையும் பிரித்து, கடிதங்கள் தனி, படங்கள் தனி, பில்கள் தனி என்று அழகாக அடுக்கி வைத்திருப்பார்கள். பார்த்ததும் எனக்கு நெஞ்சு அடைத்துப்போகும். எதனோடு எது இருந்தது என்ற செய்தி அதோடு போயிற்று. அதைத் திரும்பக் கொண்டுவர யாராலும் முடியாது.

தோழரின் பெட்டியில் பழைய வேட்டிக் கிழிசலால் கட்டிய கட்டு ஒன்று இருந்தது. 1976 ஜனவரி 31-ல் தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்ட பிறகு, நெருக்கடி நிலையின்போது மிசா தடுப்புக்காவல் சட்டத்தில் பிடிக்கப்பட்டவர்களில் அவரும் ஒருவர். சென்னை மத்தியச் சிறையிலிருந்து மனைவிக்கு எழுதிய கடிதங்கள் மேலே இருந்தன. ஒவ்வொன்றிலும் சிறை அதிகாரியின் சுருக்கொப்பமும் தேதியும். சில வரிகள் மையால் அடிக்கப்பட்டிருந்தன. ஒவ்வொன்றிலும் தாம் நலம் என்றுதான் எழுதியிருக்கிறார். அடுத்து, மனைவி அவருக்கு எழுதியவை. ரேஷன் அரிசி, பெரியவனுக்குக் காய்ச்சல், வீட்டு வாடகை இரண்டு மாதப் பாக்கி. விடுதலையாகி வரும்போது அவற்றையும் பத்திரமாகக் கொண்டுவந்திருக்கிறார். அதற்கும் அடியில் மணியார்டர் கூப்பன்கள். வெளியூர்ச் சங்கங்களிலிருந்தும் தனியாட்களிடமிருந்தும் குடும்பத்துக்கு வந்த ஐந்து ரூபாய், பத்து ரூபாய். கூப்பனில் செய்தி எழுதக் கொடுத்திருக்கும் கட்டை விரல் அகல இடத்தில் ஆளாளுக்கு இரண்டு வரி எழுதியிருந்தார்கள். எல்லாவற்றுக்கும் கடைசியில், அவர் வெளியே வந்த வாரத்துத் தேதியில் ஒரு டாக்டர் சீட்டு, விலா எலும்புக்கு எக்ஸ்ரே எடுத்த ரசீது, மருந்துக்கடை பில்கள்.

அந்தச் சிறையில் அரசியல் கைதிகள் நடத்தப்பட்ட விதத்தை விசாரிக்க நெருக்கடி நிலை முடிந்த பிறகு நீதிபதி இஸ்மாயில் ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் அறிக்கை பொது ஆவணம். தோழர் அந்த ஆணையத்தின் முன்னால் போனதாக இந்தப் பெட்டியில் எந்தத் தாளும் சொல்லவில்லை; தமக்கு நடந்ததை அவர் எங்கேயும் எழுதி வைக்கவும் இல்லை. ஆனால் ‘நலம்’ என்று எழுதிய கடிதங்களையும் எக்ஸ்ரே ரசீதையும் தம் கையாலேயே ஒரே கட்டாகக் கட்டி வைத்திருந்தார். பிள்ளைகள் பிரித்திருந்தால் கடிதங்கள் ஆல்பத்துக்கும் பில்கள் குப்பைக்கும் போயிருக்கும். கடிதங்களை மட்டும் படிக்கிற ஆராய்ச்சியாளர், சிறையில் அவர் சௌக்கியமாக இருந்தார் என்று எழுதிவிட்டுப் போயிருப்பார்.

ரசீதுக் கட்டைகளுக்கு நான் கொடுக்கும் மதிப்பைப் பார்த்து நூலகத்துறை நண்பர்களே வியக்கிறார்கள். சென்னையின் மில் தொழிலாளர்கள் வரலாறு சின்ன வரலாறு இல்லை. 1918 ஏப்ரலில் இங்கே தொடங்கிய சென்னைத் தொழிலாளர் சங்கம் இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று போற்றப்படுகிறது. பி.பி. வாடியா, செல்வபதி செட்டியார், ராமானுஜுலு நாயுடு ஆகிய பெயர்கள் பாடநூல்வரை வந்துவிட்டன. 1921-ல் பின்னி மில்லில் நடந்த பெரிய வேலைநிறுத்தத்தைப் பற்றி அரசுக் கோப்புகள் நிறைய உண்டு. 1996-ல் மில் மூடியது. தறியில் நின்றவர்களின் பெயர்கள் எங்கே? அவர்களில் பலர் ஒரு கடிதமும் எழுதாதவர்கள், ஒரு படத்திலும் நிற்காதவர்கள். சங்கத்தின் ரசீதுக் கட்டையில் மட்டும் இருக்கிறார்கள்.

ஒரு அடிக்கட்டையை எடுத்து வைத்துக்கொண்டு பார்த்தால் பெயர், டிக்கெட் நம்பர், எந்த இலாகா, எந்த மாதச் சந்தா, தொகை, வசூலித்தவர் சுருக்கொப்பம் எல்லாம் இருக்கும். வேலைநிறுத்தம் நடந்த மாதங்களில் சந்தாக் கட்டை திடீரென்று நின்றுபோகிறது. தாளுக்குப் பஞ்சம் போலிருக்கிறது, பழைய கட்டையின் முதுகிலேயே வேறு கணக்கு தொடங்குகிறது. கஞ்சித் தொட்டிக்கு எந்த மளிகைக் கடை எத்தனை படி அரிசி கடன் கொடுத்தது, எந்தத் தெருவிலிருந்து விறகு வந்தது, எத்தனை தலை சாப்பிட்டது என்ற கணக்கு. சில டிக்கெட் நம்பருக்கு எதிரே ‘ஊருக்குப் போய்விட்டார்’ என்ற குறிப்பு. ஒன்றிரண்டு நம்பருக்கு எதிரே ‘உள்ளே போய்விட்டார்’. அதாவது வேலைநிறுத்தத்தை உடைத்து மில்லுக்குள் போனவர். அந்த நம்பர்களை அடுத்த ஆண்டுக் கட்டையில் தேடினேன். பழையபடி சந்தா கட்டியிருக்கிறார்கள். சங்கம் அவர்களைத் திரும்பச் சேர்த்துக்கொண்டிருக்கிறது. எந்தத் தலைவரின் சுயசரிதையிலும் இந்தச் செய்தி கிடையாது. இதற்காகத்தான் எடைக்கடைக்கு முன்னால் போய் நிற்கிறோம்.

தாளுக்கு எதிரிகள் பல. குண்டூசி முதல் எதிரி. துரு ஏறி நாலைந்து தாளைத் துளைத்து, நீக்கும்போது ஒரு வட்டத்தை விட்டுச் செல்லும். ஊசியை இழுக்கக் கூடாது. இரண்டு பக்கமும் மெல்லிய பிளாஸ்டிக் துண்டைச் செருகி, துருவைத் தளர்த்தி, மெதுவாக எடுக்க வேண்டும். செல்லோடேப் அதைவிட மோசம். கிழிந்த கடிதத்தை அன்போடு ஒட்டி வைத்திருப்பார்கள். பசை பழுப்பாகி எழுத்தையே தின்றிருக்கும். நாளிதழ்க் கத்தரிப்பு பக்கத்துத் தாளில் தன் அளவுக்குச் சரியாகப் பழுப்பு நிழல் போடும். அதைத் தனி உறையில் போட வேண்டும். ஃபேக்ஸ் தாளில் வந்த எதுவும் நிற்காது. கையில் கிடைத்த அன்றைக்கே நகல் எடுத்துவிட வேண்டும். ராமபாணப் பூச்சி பசை உள்ள இடத்தைத் தேடித் தின்னும். கரையான் எதையும் பார்க்காது, கட்டின் நடுவில் சுரங்கம் போட்டு வெளியே ஒன்றும் தெரியாமல் வைத்திருக்கும். சென்னையின் ஈரக்காற்றில் பூஞ்சணம் வேறு. நைந்த தாளுக்கு நம் காப்பகங்களில் காலங்காலமாக சிஃபான் துணி ஒட்டினார்கள். இப்போது கோதுமை மாவுப் பசையும் மெல்லிய ஜப்பானியத் தாளும்தான் என் விருப்பம், ஏனென்றால் வேண்டாம் என்றால் தண்ணீர் தொட்டுப் பிரித்துவிடலாம். பிளாஸ்டிக் லேமினேஷன் செய்து வைத்த கடிதத்தைக் கண்டால் மட்டும் எனக்குக் கை நடுங்கும். அதை இனி யாரும் காப்பாற்ற முடியாது.

2015 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு பல வீடுகளிலிருந்து அழைப்பு வந்தது. தரைத்தளத்து அலமாரியில் இருந்ததெல்லாம் களிமண் பாளமாகியிருந்தது. வெயிலில் காயவைத்தவர்கள்தான் அதிகம் இழந்தார்கள். நனைந்த கட்டைப் பிரிக்காமல், வடிய விட்டு, நிழலில் மின்விசிறிக் காற்றில், இடையிடையே உறிஞ்சுதாள் வைத்து மாற்றி மாற்றி உலர்த்தினால் எவ்வளவோ தேறும். பந்துமுனைப் பேனாவில் எழுதியது பிழைத்தது. ஊற்றுப்பேனா மையில் எழுதியது பெரும்பாலும் கரைந்துபோயிற்று.

தாள் பிழைத்துவிட்டால் அடுத்தது மனிதர்கள் பாடு. அது இதைவிடக் கடினம்.

கடிதத் தாள், பெற்றவருக்குச் சொந்தம். அதில் எழுதியிருக்கும் வாசகத்தின் பதிப்புரிமை, எழுதியவருக்கும் அவர் வாரிசுக்கும் சொந்தம். இது எங்கள் தொழிலின் அன்றாடச் சிக்கல். ஒரு குடும்பம் முழு மனதோடு பெட்டியைக் கொடுத்தாலும், அதில் உள்ள ஆயிரம் கடிதங்களை அச்சிட அனுமதி தரும் உரிமை அந்தக் குடும்பத்துக்கு இல்லை. படிக்கக் கொடுக்கலாம், வெளியிட வேண்டுமென்றால் எழுதியவரின் வாரிசைத் தேடிப் போக வேண்டும். 1993-ல் வந்த பொது ஆவணங்கள் சட்டம் மத்திய அரசின் ஆவணங்களைக் காக்கிறது. வீட்டுப் பெட்டிக்கு அப்படி எந்தச் சட்டமும் காவல் இல்லை. ஆகவே எல்லாம் நன்கொடைப் பத்திரத்தில் நாம் எழுதும் வாசகத்தைப் பொறுத்தது. கொடுத்தது தானமா, பாதுகாக்கக் கொடுத்ததா, திரும்பக் கேட்கலாமா, யார் பார்க்கலாம், எத்தனை ஆண்டு கழித்துப் பார்க்கலாம் என்பதைத் தெளிவாக எழுதாவிட்டால் பேரப்பிள்ளைகள் காலத்தில் சண்டை வரும். நேருவின் தாள்களில் 51 பெட்டிகள் 2008-ல் தீன்மூர்த்தியிலிருந்து குடும்பத்தின் பக்கம் திரும்பிப் போனதும், பல ஆண்டு கழித்து நூலகம் அவற்றைத் திரும்பக் கேட்டதும் நாடாளுமன்றம்வரை பேச்சானது. யார் பக்கம் நியாயம் என்ற வாதத்துக்குள் நான் போகவில்லை. பிரதமராக இருந்தவரின் தாள்களுக்கே அந்த நிலை என்றால், வியாசர்பாடி டிரங்குப் பெட்டிக்குப் பத்திரம் எவ்வளவு கவனமாக எழுத வேண்டும் என்று நினைத்துப் பாருங்கள்.

வீட்டார் கேட்பதிலும் நியாயம் உண்டு. “அப்பாவுக்கு அந்தம்மா எழுதின லெட்டர மட்டும் எடுத்துடுங்க மேடம்” என்று ஒரு மகன் கேட்டிருக்கிறார். கட்சி உடைந்தபோது ஒருவரையொருவர் ஏசிய கடிதங்களைக் கொளுத்தச் சொன்னவர்கள் உண்டு. நான் எரிக்கச் சம்மதிக்க மாட்டேன். ஆனால் மூடி வைக்கச் சம்மதிப்பேன். முத்திரையிட்ட உறையில் போட்டு, இன்ன ஆண்டுவரை திறக்கக் கூடாது என்று எழுதிப் பதிவேட்டில் ஏற்றிவிடலாம். வீட்டாரைவிட அதிகமாக எனக்குக் கவலை தருவது மனு எழுதியவர்கள். ஒரு சட்டமன்ற உறுப்பினருக்கு, ஒரு சமூக நல ஊழியருக்கு, தன் புருஷன் அடிப்பதையும் நிலத்தை அண்ணன் பிடுங்கிக்கொண்டதையும் நம்பி எழுதிய பெண், அது ஒருநாள் வாசகசாலையில் மேசைமேல் வைக்கப்படும் என்று நினைத்திருக்க மாட்டார். யாரிடமும் சம்மதம் கேட்க வழியில்லை. அதனால் அப்படிப்பட்ட கோப்புகளை எழுதியவரின் ஆயுள் முடிந்திருக்கும் என்று கருதக்கூடிய காலம்வரை மூடியே வைக்கிறேன். பட்டியலில் ஊர், ஆண்டு, என்ன குறை என்பது மட்டும் வரும். பெயர் வராது. ஆய்வாளர்கள் என்னோடு இதற்காக வாதாடுவார்கள். வாதாடட்டும்.

எந்தத் தாள் நம் கைக்கு வருகிறது என்பதையும் சொல்ல வேண்டும். சொந்த வீடு இருந்தவர்களின் தாள்தான் வருகிறது. பரண் வேண்டும், பெட்டி வேண்டும், முப்பது ஆண்டு அதே முகவரி வேண்டும். வாடகை வீடு மாறிக்கொண்டே இருந்த ஊழியர்கள், குடிசை எரிந்தவர்கள், போலீஸ் சோதனைக்குப் பயந்து தாங்களே அடுப்பில் போட்டவர்கள், இவர்களுடைய தாள் வருவதில்லை. பெண் ஊழியர்களின் தாளோ கணவரின் பெட்டியில் நடுவில் எங்கோ கிடக்கும். பட்டியல் எழுதும்போது நாம்தான் கண்டுபிடித்து அவர் பெயரில் தனி வரிசை தர வேண்டும். அயோத்திதாசப் பண்டிதர் 1907-ல் தொடங்கிய ‘ஒரு பைசாத் தமிழ’னை, பின்னர் ‘தமிழன்’ ஆன அந்த இதழை, எந்தப் பெரிய நிறுவனமும் தேடிப் போய்க் காப்பாற்றவில்லை. அன்பு பொன்னோவியம் போன்றவர்கள் தங்கள் வீடுகளில் வைத்துக் காத்தார்கள். 1999-ல் பாளையங்கோட்டையில் ஞான. அலாய்சியஸ் தொகுத்து வெளியிட்ட பிறகு, இருபதாம் நூற்றாண்டுத் தமிழ் அரசியலின் தொடக்கத்தையே திரும்ப எழுத வேண்டியதாயிற்று. சிலர் வீட்டு அலமாரியில் இருந்த தாள்கள் ஒரு மாநிலத்தின் வரலாற்றை மாற்றின. கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியார் வீட்டில் சேர்த்து வைத்திராவிட்டால் நாம் இழந்திருக்கக்கூடிய அச்சுச் செல்வத்தையும் இங்கே நினைத்துக்கொள்கிறேன். தனியாட்களின் பிடிவாதத்தில் இவ்வளவு நடந்திருக்கிறது. மாவட்ட மைய நூலகம் ஒவ்வொன்றிலும் ஈரம் ஏறாத ஓர் அறை, இரும்பு அடுக்குகள், பயிற்சி பெற்ற இரண்டு பேர் இருந்தால், நாகப்பட்டினத்துத் தாள் நாகப்பட்டினத்திலேயே இருக்கும். இதை நான் கேட்காத மேடை இல்லை.

இன்றைய கவுன்சிலரின் தாள் அவர் கைப்பேசியில் இருக்கிறது. குழாயில் தண்ணீர் வரவில்லை என்ற புகார் குரல்பதிவாக வருகிறது. போன் மாறினால் போயிற்று. இதைப் பாதுகாக்கும் முறைகளை இளையவர்கள் கற்றுக்கொண்டிருக்கிறார்கள், அவர்களிடமிருந்து நானும் கற்கிறேன்.

இப்போது என் மேசையில் இருப்பது கீழத்தஞ்சையில் விவசாயத் தொழிலாளர் சங்கத்தில் உழைத்த ஒருவரின் தாள்கள். 1968 டிசம்பர் 25 அன்று 44 உயிர்கள் கீழ்வெண்மணியில் எரிக்கப்பட்ட காலத்தை ஒட்டிய ஆண்டுகள். கூலி எத்தனை படி என்று ஊர் வாரியாகக் குறித்த நோட்டுகள், விவசாயக் கூலிப் பிரச்சினையை விசாரித்த கணபதியா பிள்ளை ஆணையத்துக்கு என்று தயாரித்த மனுக்களின் கார்பன் நகல்கள், கைநாட்டு வைத்த தாள்கள். கைநாட்டுக்குப் பக்கத்தில் எழுதத் தெரிந்தவர் பெயர் எழுதியிருக்கிறார், ஊர் எழுதியிருக்கிறார். சில ஊரில் முப்பது, நாற்பது ரேகைகள் ஒரே தாளில். மை மங்கத் தொடங்கியிருக்கிறது. அதனால் பட்டியலுக்கு முன்பே படம் எடுத்துக்கொண்டிருக்கிறோம்.

பத்திரம் இன்னும் கையெழுத்தாகவில்லை. அவருடைய மகள் ஓய்வுபெற்ற ஆசிரியை. கூலி நோட்டுகளை நாளைக்கே திறந்துவிடுங்கள் என்கிறார். கைநாட்டு மனுக்களைப் பற்றித்தான் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். அந்த ஊர்களில் அந்தக் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. நிலக்காரர் குடும்பங்களும் இருக்கின்றன. போன வாரம் அவர் ஒரு யோசனை சொன்னார். மூடுவதா திறப்பதா என்பதை நாம் இருவரும் முடிவுசெய்ய வேண்டாம், நகலை எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போய் அந்த வீட்டுக்காரர்களையே கேட்டுவிடலாம் என்றார். என் அனுபவத்தில் இதுவரை எந்தக் கொடையாளரும் சொல்லாத யோசனை. அறுவடை முடிந்ததும் கிளம்புவதாக இருக்கிறோம். அதுவரை அந்தக் கோப்புக்கு மட்டும் பதிவேட்டில் ‘முடிவு நிலுவையில்’ என்று பென்சிலால் எழுதி வைத்திருக்கிறேன்.